108 சர்வர்கள், பெண் ஒருவர்கூட இல்லை: மயாமி பீச் உணவகத்தின் மீதான பாலினப் பாகுபாட்டு வழக்கு

பின்னணி

ஜோஸ் ஸ்டோன் கிராப் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமி பீச்சில் 1913-இல் தொடங்கிய ஒரு குடும்ப உணவகம். கல் நண்டின் கொடுக்குக்குப் பேர்போன இடம். நண்டுப் பருவம் அக்டோபர் நடுவில் தொடங்கி மே மாதத்தில் முடியும். உணவகத்தின் ஆண்டும் அந்தப் பருவத்தை ஒட்டியே ஓடியது. வழக்கு நடந்த காலத்தில் வார நாள் இரவுகளில் 1,450 பேர் வரையிலும் வார இறுதி இரவுகளில் 1,800 பேர் வரையிலும் அங்கே சாப்பிட்டார்கள். இத்தனை கூட்டம் என்றால் டிப்ஸும் அந்த அளவுக்கு வரும். அதனால் அந்த வட்டாரத்துச் சர்வர்களுக்கு அங்கே வேலை கிடைப்பது பெரிய விஷயம்.

சர்வர்கள் டக்சீடோ (வில் டையோடு அணியும் ஆண்களின் விருந்து உடை) அணிந்து பரிமாறுவார்கள். பழைய ஐரோப்பிய உயர்தர உணவகங்களின் தோரணை அது. அந்தத் தோரணையில் பரிமாறுபவர் ஆணாகத்தான் இருப்பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஆண்கள் களத்துக்குப் போனபோது, பெண்கள் கொஞ்ச காலம் பரிமாறினார்கள். போர் முடிந்ததும் பழைய நிலை திரும்பியது. பிற்காலத்தில் ஒரு பெண் 17 ஆண்டுகள் அங்கே சர்வராக இருந்தார். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் பெண் சர்வர் அவர் ஒருவர்தான்.

இந்த வழக்கை மேலோட்டமாகப் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. உணவகத்தின் உரிமையிலும் நிர்வாகத்திலும் பெண்கள் முன்னிலையில் இருந்தார்கள். கேஷியர் மேசை, சலவை போன்ற பிரிவுகளிலும் பெண்கள் நிறைய இருந்தார்கள். "பெண்களை வேலைக்கு வைக்காத இடம்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. டிப்ஸ் அதிகம் வரும் அந்த ஒரு வேலையில் மட்டும்தான் பெண்கள் இல்லை.

ஆள் எடுத்த விதம்

ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, "ரோல் கால்" நடக்கும். உணவகம் அபூர்வமாகவே விளம்பரம் செய்தது. அன்றைக்கு ஆள் எடுப்பார்கள் என்ற சேதி அந்த வட்டாரத்துச் சர்வர்களுக்கு வாய்வழியாகவே தெரியும். சில இடங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்து நிற்பார்கள். விண்ணப்பத்தை நிரப்பி, நேர்காணல் முடித்து, தேர்வானவர்கள் சில நாட்கள் அனுபவமுள்ள சர்வர் ஒருவரின் பின்னால் நடந்து பழகுவார்கள். அதில் தேறினால் வேலை நிரந்தரம்.

யாரை எடுப்பது என்ற முடிவு பரிமாறல் தலைவர் ஒருவர் கையில் இருந்தது. அவர் பார்த்தவை நான்கு: தோற்றம், பேச்சு, மனப்பாங்கு, அனுபவம். நான்கில் அனுபவத்தை மட்டும் ஓரளவு அளந்து பார்க்கலாம். மற்ற மூன்றும் பார்ப்பவர் மனத்தில் இருப்பவை. எழுத்தில் விதி எதுவும் இல்லை. மேலிருந்து வாய்மொழி வழிகாட்டலோ மேற்பார்வையோ இல்லை. மதிப்பெண் தாளும் இல்லை. "டக்சீடோ அணிந்த ஆண்தான் இந்த இடத்துக்குப் பொருத்தம்" என்ற எண்ணம் உள்ள ஓர் இடத்தில் "தோற்றம்" என்பதை ஓர் அளவுகோலாக வைத்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கடினமல்ல. சாய்ந்ததை யாரும் பதிவு செய்யவில்லை என்பதே இந்த முறையின் ஆபத்து.

ஆணையம் நுழைந்தது: 1991 – 1993

1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் 7-ஆம் பகுதி, பாலின அடிப்படையில் வேலை மறுப்பதைத் தடை செய்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் அரசு அமைப்பு சம வேலைவாய்ப்பு ஆணையம். பொதுவாகப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுப்பார், ஆணையம் விசாரிக்கும். ஆனால் ஆணையர் ஒருவர் தாமாகவே குற்றச்சாட்டுப் பதிவு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. இந்த வழக்கு 1991 ஜூனில் அப்படித்தான் தொடங்கியது. பெண்கள் விண்ணப்பிக்கவே வராத இடத்திலிருந்து புகார் வருவது அரிது. புகாருக்காகக் காத்திருந்தால் இந்த உணவகத்தின் பக்கம் எந்த அதிகாரியும் திரும்பியிருக்க மாட்டார். ஆணையர் குற்றச்சாட்டு என்ற கருவி இருப்பதே இத்தகைய இடங்களுக்காகத்தான்.

குற்றச்சாட்டுக்குப் பிறகு சட்டம் வகுத்த படிகள் வரிசையாக வரும். விசாரணை நடத்தி, பாகுபாடு நடந்ததாக நம்ப நியாயமான காரணம் உண்டா என்று ஆணையம் முடிவு செய்யும். உண்டு என்றால் சமரசத்துக்கு முயல வேண்டும். சமரசம் முறிந்தால்தான் நீதிமன்றம். 1993 ஜூனில் ஆணையம் தெற்கு ஃப்ளோரிடாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

இதற்கிடையே உணவகம் தன் முறையை ஓரளவு மாற்றிக்கொண்டது. ஒருவருக்குப் பதில் நிர்வாகத்தைச் சேர்ந்த மூவர் நேர்காணல் செய்தார்கள். பாத்திரங்கள் ஏற்றிய பரிமாறும் தட்டைத் தூக்கி நடந்து காட்டும் தட்டுச் சோதனையும் சேர்ந்தது.

எண்கள் காட்டியவை

1986 முதல் 1990 வரை உணவகம் 108 சர்வர்களைப் புதிதாக எடுத்தது. அத்தனை பேரும் ஆண்கள். குற்றச்சாட்டுப் பதிவான பிறகு, 1995 வரை 88 பேர். அதில் 19 பேர் பெண்கள்.

முதல் எண்ணைக் கேட்டவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. குற்றச்சாட்டுக்கு முந்தைய ரோல் கால்களுக்கு வந்தவர்களில் பெண்கள் அதிகம் போனால் 3 விழுக்காடு. 108-இல் 3 விழுக்காடு என்றால் எதிர்பார்க்கக்கூடிய பெண்கள் மூன்று பேர்தான். மூன்றுக்குப் பதில் பூச்சியம் என்பது, நாம் போட்டுப் பார்த்த கணக்கில், இரண்டு திட்டவிலக்கத்துக்கும் (தற்செயலாக எண்கள் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதன் அளவு) குறைவான இடைவெளி. நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் வழக்கமாக எதிர்பார்ப்பது இரண்டு அல்லது மூன்றுக்கு மேல். ஆக, "வந்தவர்களிலிருந்து எடுத்தோம், பெண்கள் வரவில்லை" என்ற உணவகத்தின் வாதம் எண்ணளவில் எடுபடும்.

இனி வேறு அளவை எடுங்கள். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மயாமி பீச் வட்டாரத்துச் சர்வர்களில் பெண்கள் 44.1 விழுக்காடு. ஆனால் காப்பிக் கடையில் பரிமாறுவதும் உயர்தர உணவகத்தில் பரிமாறுவதும் ஒன்றல்ல என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு மாவட்ட நீதிபதி கண்ட வழி: ஆண்டுக்கு 25,000 முதல் 50,000 டாலர் வரை சம்பாதித்த சர்வர்களை மட்டும் எடுத்துக்கொள்வது. இத்தனை சம்பாதிப்பவர் தேர்ந்தவராகத்தான் இருப்பார் என்ற அனுமானம் அது. அப்படிப் பார்த்தால் பெண்களின் பங்கு 31.9 விழுக்காடு. இந்த அளவில் 108 பேரில் சுமார் 34 பெண்கள் இருந்திருக்க வேண்டும். பூச்சியத்துக்கும் 34-க்கும் உள்ள இடைவெளி ஏழு திட்டவிலக்கம். தற்செயல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எனவே வழக்கின் உண்மையான கேள்வி "ஏன் எடுக்கவில்லை" என்பதல்ல. "ஏன் வரவில்லை" என்பது. அந்த 3 விழுக்காட்டை யார் உண்டாக்கினார்கள்?

பதில் சாட்சியங்களில் இருந்தது. ஜோஸ் உணவகத்தில் பெண்களைச் சர்வராக எடுக்க மாட்டார்கள் என்பது அந்த ஊர்ச் சர்வர்கள் மத்தியில் பரவலாகத் தெரிந்த சேதி. ரோல் காலுக்கு ஆட்களைக் கொண்டுவந்த அதே வாய்வழிதான் பெண்களை வர வேண்டாம் என்று தடுத்ததும். அந்தச் சேதி பொய்யும் அல்ல. குற்றச்சாட்டு வெளியே தெரிந்த பிறகு வந்தவர்களில் பெண்களின் பங்கு 22 விழுக்காட்டளவுக்கு ஏறியது. வேலையும் அதேதான், தட்டின் எடையும் அதேதான். கதவு திறந்திருக்கலாம் என்ற நம்பிக்கை மட்டுமே புதிது.

முதல் தீர்ப்பு: 1997

ஜூரி இல்லாமல் மாவட்ட நீதிபதியே விசாரித்துத் தீர்ப்பளித்த வழக்கு இது. அமெரிக்கச் சட்டத்தில் பாகுபாட்டை நிரூபிக்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, வேண்டுமென்றே செய்த பாகுபாடு. இதில் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். மற்றொன்று, விளைவால் நேரும் பாகுபாடு. எல்லாருக்கும் ஒன்றுபோலத் தோன்றும் ஒரு நடைமுறை, ஒரு பிரிவினரை அதிக அளவில் வெளியே தள்ளினால் போதும், நோக்கம் தேவையில்லை. ஆனால் எந்த நடைமுறை என்று சுட்டி, அதனால்தான் ஏற்றத்தாழ்வு வந்தது என்றும் காட்ட வேண்டும்.

நீதிபதி முதல் பாதையை ஏற்கவில்லை. பெண்களை எடுக்காதே என்று எழுதியோ சொல்லியோ யாரும் உத்தரவிடவில்லை. உரிமையாளர்களுக்குப் பெண்கள் மேல் பகையும் இல்லை. இரண்டாம் பாதையில் உணவகம் பொறுப்பு என்றார். விளம்பரமின்றி வாய்வழியாக ஆள் சேர்த்ததும், அளவுகோலற்ற நேர்காணலும் பெண்களை வெளியே நிறுத்தின என்பது அவர் முடிவு. அதே தீர்ப்பிலேயே, ஆண்கள் பரிமாறினால்தான் அழகு என்ற எண்ணம் நிர்வாகம் முழுக்கப் பரவியிருந்ததாகவும், ஆள் எடுத்தவர்கள் அதன்படி நடந்ததாகவும் எழுதினார். இந்த இரண்டு கூற்றுகளும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. மேல்முறையீட்டில் அதுதான் வெடித்தது.

மேல்முறையீடு: 2000

11-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் விளைவுப் பாகுபாட்டுத் தீர்ப்பை ரத்து செய்தது. அதன் தர்க்கத்தைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். ரோல் கால் முறையோ வாய்வழி ஆள்சேர்ப்போ தானாகப் பெண்களைத் தடுக்கவில்லை. அதே முறை தொடர்ந்தபோதே குற்றச்சாட்டுக்குப் பின் பெண்கள் வந்தார்கள், வந்த விகிதத்திலேயே எடுக்கப்பட்டார்கள். (88-இல் 22 விழுக்காடு என்பது 19.4, எடுத்தது 19.) ஆக, ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் நடைமுறை அல்ல, பெண்களை எடுக்காத இடம் என்று உணவகம் வாங்கியிருந்த பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? பெண்களை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கியதிலிருந்து. அப்படியானால் இது வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்ற கேள்வி. அதை அந்தப் பாதையில்தான் விசாரிக்க வேண்டும்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஆணையத்துக்குத் தோல்வி. ஆனால் நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது, இந்த வழக்கிலேயே மிகப் பயனுள்ள பகுதி அதுதான். நோக்கம் என்றால் பகைமை என்று பொருளல்ல. உயர்தர விருந்து என்றால் ஆண்கள் பரிமாற வேண்டும் என்ற வார்ப்புப் பிம்பத்தை வைத்துக்கொண்டு பெண்களைத் திட்டமிட்டு ஒதுக்கியிருந்தால், பெண்கள் மேல் எள்ளளவும் வெறுப்பு இல்லாவிட்டாலும், அது வேண்டுமென்றே செய்த பாகுபாடுதான். முதல் தீர்ப்பில் நீதிபதி இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லி, மறுபடி பார்க்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

"வாடிக்கையாளர் இதைத்தான் விரும்புகிறார்" என்ற சமாதானம் இந்தப் பகுதியில் முன்பே தோற்ற ஒன்று. 1971-இல், மயாமியிலிருந்தே எழுந்த ஒரு வழக்கில், விமானப் பணியாளர் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் ஆணைப் பான் ஆம் நிறுவனம் மறுத்தது. பயணிகளுக்குப் பெண்கள் பரிமாறுவதுதான் பிடிக்கும் என்றது. அந்த விருப்பம் சட்டப்படி காரணமாகாது என்று 5-ஆம் வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ஆணை வெளியே நிறுத்திய அதே எண்ணம் இங்கே பெண்ணை நிறுத்தியது.

திரும்பி வந்த வழக்கு: 2001 – 2002

2001-இல் மாவட்ட நீதிபதி, பழைய சாட்சியங்களைப் புதிய அளவுகோலில் வைத்துப் பார்த்து, உணவகம் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்தார். 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. ஆனால் நிவாரணம் கோரிய எல்லாப் பெண்களுக்கும் தீர்ப்பு நிலைக்கவில்லை.

காரணம் இரண்டு தடைகள். முதலாவது கால வரம்பு. ஃப்ளோரிடாவில் பாகுபாடு நடந்த 300 நாட்களுக்குள் குற்றச்சாட்டுப் பதிவாகியிருக்க வேண்டும். 1991 ஜூன் இறுதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1990 ஆகஸ்ட் இறுதி வரும். ஆகவே 1990 அக்டோபர் ரோல் கால் உள்ளே வரும். அதற்கு முந்தையவை எதுவும் வராது. 1986 முதலான எண்களை ஆதாரமாகக் காட்டலாம், ஆனால் 1989-இல் மனம் உடைந்து திரும்பிய பெண்ணுக்கு நிவாரணம் கேட்க முடியாது.

இரண்டாவது, விண்ணப்பிக்காதவர் எப்படிப் பாதிக்கப்பட்டவர் ஆவார் என்ற கேள்வி. 1977-இல் டீம்ஸ்டர்ஸ் (லாரி ஓட்டுநர் தொழிற்சங்கம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி வகுத்திருந்தது. வாசலில் "வெள்ளையருக்கு மட்டும்" என்று பலகை தொங்கினால், அதை மீறி உள்ளே போனவர் மட்டுமே பாதிக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பலகை பார்த்துத் திரும்பியவர் அந்த வேலையில் உண்மையான நாட்டம் இருந்ததையும், பாகுபாடு தெரிந்திராவிட்டால் விண்ணப்பித்திருப்பார் என்பதையும், தகுதி இருந்ததையும் தாமே நிரூபிக்க வேண்டும். இங்கே பலகை இல்லை, சேதிதான் உண்டு. 1990-இல் என்ன நினைத்தோம், யாரிடம் கேட்டோம் என்பதை ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் சொல்வது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குற்றச்சாட்டிலிருந்து கடைசி மேல்முறையீட்டுத் தீர்ப்பு வரை 11 ஆண்டுகள் ஆயின. 1986 முதல் 1990 வரை பெண்கள் பெறாமல் போன சுமார் 34 இடங்களோடு ஒப்பிட்டால், நிவாரணம் பெற்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த இழப்புக்கு இது ஈடாகாது. சட்டம் வென்றது, அந்தத் தலைமுறைப் பெண் சர்வர்களுக்குப் போன சம்பளம் போனதுதான்.

வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியவை

ஆணையத்தின் பக்கம் முதலில். மரபால் ஆண்கள் மட்டும் என்ற நிலை இருந்தால், அதை முதல் நாளிலிருந்தே வேண்டுமென்றே செய்த பாகுபாடாகவே முன்னிறுத்தி, பகைமை வேறு நோக்கம் வேறு என்பதை விசாரணை நீதிமன்றத்திலேயே அழுத்திச் சொல்லியிருந்தால் ஒரு மேல்முறையீட்டுச் சுற்று மிச்சமாகியிருக்கலாம். விளைவுப் பாகுபாடு எளிதான பாதை போலத் தெரியும், ஏனென்றால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டாம். ஆனால் சுட்டிக்காட்டிய நடைமுறை மாறாமலே ஏற்றத்தாழ்வு மறைந்தால், காரணச் சங்கிலி அறுந்துவிடும். இங்கே அறுந்தது அப்படித்தான். அடுத்தது, 300 நாள் சாளரத்துக்குள் விழும் ரோல் கால் எது என்று முதல் வாரமே குறித்துக்கொண்டு, அந்த ஒரு நாளுக்குப் போக நினைத்துப் போகாத பெண்களைத் தேடி, அவர்கள் வாக்குமூலத்தை நினைவு மங்குமுன் எழுத்தில் வாங்க வேண்டும்.

உணவகத்தின் பக்கம் செய்திருக்க வேண்டியவை எளியவை, செலவும் சொற்பம். உள்ளூர்ச் செய்தித்தாளில், ஆண் பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம் என்ற வரியோடு ரோல் கால் விளம்பரம். வந்தவர் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை என்று ஆண்டுதோறும் ஒரு பதிவேடு. நான்கு அளவுகோல்களுக்கும் நேர்காணலுக்கு முன்பே எழுதி வைத்த விளக்கமும், ஒவ்வொரு நேர்காணலரும் தனித்தனியாக இடும் மதிப்பெண்ணும், நிராகரித்ததற்கு ஒரு வரிக் காரணமும். தட்டுச் சோதனை வைப்பதென்றால் அந்த உணவகத்தில் ஒரு சர்வர் உண்மையில் தூக்கும் எடையையும் நடக்கும் தூரத்தையும் அளந்து அதே அளவில் வைக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் அதுவே அடுத்த விளைவுப் பாகுபாட்டு வழக்குக்கு வித்தாகும்.

இவற்றில் பதிவேடுதான் முதன்மை. 1987-இலோ 1988-இலோ யாராவது அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்து, நூறு பேர் வந்த இடத்தில் பெண்கள் மூன்றே பேர், ஊரில் பரிமாறுபவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெண்கள், இது ஏன் என்று உரிமையாளரிடம் கேட்டிருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை அப்போதே வந்திருக்கும். நிர்வாகத்தில் பெண்கள் இருந்தும் அந்தக் கேள்வி எழாததற்குக் காரணம், முடிவு முழுவதும் பரிமாறல் தலைவரிடம் விடப்பட்டு, அவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை என்பதே.